ஃபியூஸ் பெட்டியில் புற்றுமண்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதன் மேல் பதினெட்டு அடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து என் கணவர் இறங்கி, ஏதோ வாழைத்தார் வாங்கி வந்தவர் மாதிரி, "பின்வாசக் கதவத் தொறட்டி" என்றார்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள். தூத்துக்குடிக்குப் போவதென்றாலே பஸ் மாறி மூன்று மணி நேரம் ஆகும். எதிர்வீட்டுக்காரி வாசல் தெளிக்கிற வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏ மதினி, அண்ணாச்சி ஆவுடைப் பொய்கையில தெப்பம் விடப் போறாவளா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த கோபத்துக்கு அந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், வருஷத்தில் இரண்டு மாசம்தான் எனக்குப் புருஷன். மீதிப் பத்து மாசமும் கப்பலுக்குத்தான். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்து என் பாட்டைப் பார்த்துக்கொண்டேன். அந்த வருஷத் தொடக்கத்தில் கப்பலிலேயே அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சும் காலும் சீக்கிரம் தேறிவிட்டன. வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. இனிக் கப்பல் வேலை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது அவரால். தினமும் காலையில் என் முன்னால் வந்து நிற்பார். நான் போட்டு விடுவேன். அப்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், எனக்குப் பின்னால் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ரப்பர் பந்தைப் பிசைகிற பயிற்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல நானும் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அவர் விரல்களில் சாயங்காலந்தோறும் பூசி விட்டேன். எங்கள் வீட்டில் சிரங்கானாலும் சுளுக்கானாலும் முதல் மருந்து அதுதான். அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை, நம்பினாரா என்று நான் கேட்டதும் இல்லை.

இப்படி இருக்கையில்தான், கடற்கரைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் ஷெட்டில் வருஷக்கணக்காக வேண்டாமென்று கிடந்த படகைக் கொண்டுவந்து இறக்குகிறார். ஒருவழியாக மனுஷன் வீட்டோடு வந்து சேர்ந்தார் என்று நினைத்தால், லாரியில் சக்களத்தியையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்! இரண்டு வாரம் நான் பின்வாசல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் 'ணங்' என்று ஏதோ விழுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அப்புறம் மறுபடியும். என்னதான் செய்கிறார் என்று போய்ப் பார்த்தேன். படகுக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் குறடு மாதிரி ஒரு கருவி. அதை அழுத்தப் பார்க்கிறார், நழுவி விழுகிறது. இடது கையால் எடுத்து வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, மறுபடி அழுத்துகிறார். மறுபடி விழுகிறது. என்னை அவர் பார்க்கவில்லை. நான் சத்தமில்லாமல் உள்ளே வந்து அடுப்படியில் நின்று அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, என் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு போய், "எந்த ஒயர வெட்டணும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தக் கத்திரி மொண்ணையாப் போயிரும்ட்டி" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை.

படகுக்குள் பழைய ஒயரிங் ஒரே குளறுபடி. யாரோ வீட்டுக்குப் போடுகிற ஒயரைப் போட்டு, கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால், புளி போட்டுத் தேய்க்காத செம்புப் பானை மாதிரி பச்சைக் களிம்பு. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் பெட்டி, அதிலிருந்து இடது பக்கச் சிவப்பு விளக்கு, வலது பக்கப் பச்சை விளக்கு, பாய்மரத்து உச்சி விளக்கு, அப்புறம் படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சின்ன பம்ப். அளந்து வெட்டுவது, ஒயரின் தோலை உரிப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, எது எதற்கு என்று துணிநாடாவில் எழுதிச் சுற்றுவது எல்லாம் என் வேலை. ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் என்னைத் தொட விடவில்லை. ஒயர் நுனியில் 'லக்' என்று ஒரு சின்ன உலோகக் குழாயை மாட்டி, அந்தக் குறடால் பலம் கொண்டமட்டும் அழுத்த வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் பிடிப்பு இருக்காது. பிடிப்பு இல்லாத இடத்தில் கரண்ட் ஓடினால் சூடேறிக் கருகிவிடும். "அழுத்துன பெறவு இழுத்துப் பாக்கணும். கையோட வந்துட்டுன்னா அது ஜாயிண்டே இல்ல" என்பார். முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு லக்தான் முடிந்தது. இழுத்தார், கையோடு வந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் செய்தார்.

புரட்டாசி போனது, ஐப்பசி மழையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலை செய்தோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. கப்பலில் சமையல்காரருக்கும் இவருக்கும் நடந்த சண்டையெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியும். என் மாமியார் என்னைப் படுத்திய பாடெல்லாம் அப்போதுதான் அவருக்குத் தெரியும். இடையிடையே வேலைக்குப் பாடமும் நடக்கும். "ஃபியூஸ் உக்காருத எடத்துல ஒரு பொட்டுத் தூசி இருக்கப்படாது கேட்டியா. தூசி இருந்தா அங்கன சூடாவும்" என்பார். நானும் பெரிய மேஸ்திரி மாதிரித் தலையாட்டுவேன்.

கார்த்திகைக்கு முந்தைய வாரம் ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்தார். என் முன்னால் வந்து நிற்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தேன், ஊசியில் நூலே இல்லை.

கார்த்திகை தீபத்தன்று நான் வாசலில் அகல் ஏற்றினேன். அவர் பின்வாசலில் சுவிட்சைப் போட்டார். சிவப்பும் பச்சையும் உச்சி விளக்கும் ஒன்றாக எரிந்தன. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டுக்காரி கேலியை மறந்து, "நல்லாருக்கு மதினி" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சக்களத்தி என்று சொன்ன வாயால் அன்றைக்கு அந்தப் படகுக்கு நானே திருஷ்டி கழித்தேன்.

மாசியில் கடல் அமைதியாக இருக்கும், தூத்துக்குடியில் இறக்கலாம் என்று நாள் குறித்தோம். புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் லாரிக்குச் சொல்லப் போயிருந்தார். புது வண்டி என்றால் பொட்டு வைக்காமல் எடுப்போமா? பாய்மரத்துக்கும் சுக்கானுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். எனக்கு மனசு நிறையவில்லை. இந்தப் படகில் உயிரான இடம் எது? அந்த ஃபியூஸ் பெட்டிதான். அவர் கை பட்ட இடம் எல்லாம் வந்து சேர்வது அங்கேதான். அவர் கையைக் குணமாக்கிய புற்றுமண் அங்கேயும் காவலுக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவை உட்காரும் கவ்விகளில் ஒவ்வொரு சொட்டு வைத்து, மறுபடி செருகி மூடினேன். மாசக்கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தூசி துடைத்தவள் நான். ஆனால் சத்தியமாகச் சொல்லுகிறேன், புற்றுமண்ணைத் தூசி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் படகு கடலில் இறங்கியது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், விளக்குகள் எரிந்தன, பம்ப் ஓடியது. இரண்டு பேரும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினோம். நான் கடலில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பயத்தில் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாயை ஏற்றியதும் காற்று பிடித்துப் படகு சாய்ந்து ஓடியது. அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை. இத்தனை வருஷமாக இந்த முகத்தைக் கடல் மட்டும்தான் பார்த்திருக்கிறது என்று நினைத்தபோது பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். என் கால் நனைந்தது. அடியில் ஏதோ பழைய ஒட்டு விட்டுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. "ஒண்ணும் இல்ல, பம்ப் இருக்கு" என்று அவர் சுவிட்சைப் போட்டார். பம்ப் ஓடியது. கொஞ்ச நேரத்தில் இழுத்து இழுத்து ஓடியது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. அப்புறம் பம்ப் நின்றுவிட்டது. அவர் மெயின் சுவிட்சை அணைத்தார், பாயை இறக்கினார். தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. நான் தூக்குச்சட்டியிலிருந்த புளிசாதத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சட்டியாலேயே தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருந்தது.

நல்ல வேளையாகக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். வலை இழுத்துவிட்டுத் திரும்பிய மீனவர் ஒருவர் எங்கள் கையசைப்பைப் பார்த்துப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். "பயப்படாதீங்கக்கா, கயித்த மட்டும் விட்ராதீங்க" என்று சொல்லிக் கயிற்றை வீசினார்.

கரையில் அவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பம்புக்கான ஃபியூஸ் இருந்த இடம் உருகிக் கறுத்துப்போயிருந்தது. அதை மட்டும்தான் அவர் பார்த்தார். ஒரு நொடிதான். மூடிவிட்டார். "நான் அழுத்துனது பத்தல" என்றார். "லூஸா இருந்திருக்கு. அதான் சூடாயிருக்கு. ஒன்னையும் கூட்டிட்டுல்லா போயிருக்கேன், இந்தக் கைய நம்பி."

ஆனால் நான் பக்கத்து ஃபியூஸின் ஓரத்தைப் பார்த்துவிட்டேன். செம்மண் நிறத்தில் காய்ந்த ஒரு கோடு இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது மறைக்காமல் சொல்லுகிறேன். அவர் ஏசுவார் என்ற பயம் இருந்தது. சாமி மண்ணைக் குற்றம் சொல்வதா என்ற தயக்கம் இருந்தது. இரண்டையும்விட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனி இவர் கடலுக்குப் போகமாட்டார் என்ற நிம்மதியும் ஒரு மூலையில் இருந்தது.

படகு மறுபடி லாரியேறி எங்கள் பின்வாசலுக்கு வந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடினார். குறடைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டார். ரப்பர் பந்தைத் தொடவில்லை. சாயங்காலம் நான் மண் குழைத்துக்கொண்டு போனால், "இனி என்னத்துக்குட்டி" என்று கையை இழுத்துக்கொண்டார். பேச்சு குறைந்தது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன், சொல்லாமலே படுப்பேன்.

எட்டாவது நாள் காலையில் நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "பட்டன் மட்டும் போட்டு விடேன்" என்றார். கண் காலண்டரில் இருந்தது.

முதல் பொத்தானைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதில் என் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். தார்ப்பாயை விலக்கி, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, கருகாத ஃபியூஸ்களைப் பிடுங்கினேன். கவ்விகளில் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணை ஊசியால் சுரண்டி அவர் உள்ளங்கையில் போட்டேன்.

அவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் நசுக்கினார். "புத்துமண்ணா?" என்றார்.

"நாந்தான் வச்சேன். எல்லாத்துலயும் வச்சேன். அன்னைக்கே கரையிலயே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். ஏசுங்க, நல்லா ஏசுங்க" என்று சொல்லி நான் அழுதுவிட்டேன்.

அவர் ஏசவில்லை. நான் சொன்னது பாதி காதில் விழுந்ததோ என்னவோ. அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"அப்பம்... என் கை சரியாத்தான் அழுத்தியிருக்கா?"

அவர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, 'பம்ப்' என்று என் கையெழுத்தில் நாடா சுற்றிய ஒயரைப் பிடித்தார். கருகிய கவ்வியின் அடியில் அவர் அழுத்திய லக் அப்படியே இருந்தது. வலது கையாலேயே பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். வரவில்லை. "நீ இழு பாப்பம்" என்றார். நானும் அழுதுகொண்டே இழுத்தேன். ஒயர் அசையவே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியாட்டி, பாத்தியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏச்சு அப்புறம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். காப்பி குடித்து முடித்ததும், தண்ணீர் கணுக்கால் வரை ஏறியதை நினைத்துப் பார்த்திருக்கிறார். அரைமணி நேரம் விடாமல் ஏசினார். "எட்டு நாளு எப்படிட்டி வாயத் தொறக்காம இருந்த?" என்று கேட்டபோது மட்டும் குரல் இறங்கிவிட்டது. நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன், அத்தனையும் எனக்குத் தகும். எழுந்து போகும்போது பார்த்தேன், சட்டையில் நான் விட்ட மூன்றாவது பொத்தானை அவரே போட்டிருந்தார். எப்போது போட்டார் என்று இருவருக்குமே தெரியாது.

படகின் அடியைப் பூசினோம், புதுக் கவ்விகள் மாட்டினோம். அடுத்த மாசியில் மறுபடி கடலில் இறங்கினோம். பம்ப் இன்று வரை நிற்கவில்லை. ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே, தண்ணீர் எட்டாத உயரத்தில், திருகு மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை அவரே ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குள் புற்றுமண் இருக்கிறது. துணிநாடாவில் 'சாமி' என்று என்னையே எழுதி ஒட்டச் சொன்னார். மண்மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை குறையவில்லை. மண் என்ன செய்யும், வைக்கக் கூடாத இடத்தில் வைத்தது நான்தானே.

ஆனால் தெரியாமல் மண் வைத்ததை நான் என்றோ மன்னித்துக்கொண்டேன், தெரிந்தே வாயை மூடியிருந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் அவர் கண்ணாடி முன்னால் நின்று சட்டை போடும்போது, என் கால் தானாக மெஷினை நிறுத்திவிடும். மூன்றாவது பொத்தானை அவர் போட்டு முடிக்கும் வரைக்கும், ஒரு மனுஷனின் கையை அவனிடமிருந்து எட்டு நாள் பறித்து வைத்திருந்தவள் நான் என்பது ஞாபகத்தில் இருந்துகொண்டே இருக்கும்.